அடங்கிப் போவதா, திருப்பி அடிப்பதா? ட்ரம்பின் வரிகளுக்கு முன் கனடாவின் நான்கு வழிகள்

பிரதமர் மார்க் கார்னி 2025 செப்டம்பர் 1ஆம் திகதி அமெரிக்கப் பொருட்கள் மீதான பதில் வரிகளில் பெரும்பகுதியை நீக்கியதிலிருந்து, வாசகர்கள் ஒரே கேள்வியை இரண்டு பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "'முழங்கையை உயர்த்துவோம்' என்று சொல்லித்தானே ஏப்ரலில் வாக்குக் கேட்டார்கள், இப்போது ஏன் இந்தப் பணிவு?" என்பது ஒரு பக்கம். "மெக்சிகோ வாயைத் திறக்காமல் இருந்து 25 வீதத்தோடு தப்பிவிட்டது, நாம் வீரம் பேசி 35 வீதம் வாங்கிக் கட்டிக்கொண்டோம், இது தேவைதானா?" என்பது மறுபக்கம். பிரம்டனிலும் ஒஷாவாவிலும் கார்த் தொழிற்சாலைகளை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய கேள்விக்குள் வீட்டுக் கடன் தவணையின் கவலையும் இருக்கிறது. அதனால் இதை ஆர அமர எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரு தரப்பும் இரண்டே வழிகள் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகின்றன. உண்மையில் கனடா நான்கு வழிகளை முயன்று பார்த்திருக்கிறது. நேரில் போய்க் கேட்டதைக் கொடுப்பது, பதிலுக்கு வரி போடுவது, ஜனாதிபதியை விட்டுவிட்டு அமெரிக்காவுக்குள் மற்றவர்களைப் பிடிப்பது, வேறு சந்தை தேடுவது. ஒவ்வொன்றும் எங்கோ பலித்திருக்கிறது, எங்கோ சறுக்கியிருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

தைரியம், பணிவு, மானம் என்ற சொற்களைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைப்போம். நான் பார்ப்பது ஐந்து விடயங்கள்.

முதலாவதும் மிகப் பெரியதும் குஸ்மா விலக்கு. கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான அந்த வர்த்தக ஒப்பந்தம் 2020 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. 2025 மார்ச் 4ஆம் திகதி ட்ரம்ப் கனடா மீது 25 வீத வரியை நடைமுறைப்படுத்தி, இரண்டே நாளில், ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்ட பொருட்களுக்கு விலக்கு அளித்தார். நமது ஏற்றுமதியில் ஏறத்தாழ 85 வீதம் வரியின்றிப் போகிறது என்று ஒட்டாவா சொல்வது இந்த விலக்கால்தான். எந்த வழியானாலும் முதலில் கேட்க வேண்டியது, அது இந்த விலக்கைக் காப்பாற்றுமா, ஆபத்தில் தள்ளுமா என்பதே.

இரண்டாவது, கொடுத்ததற்குப் பதிலாக எழுத்தில் என்ன கிடைத்தது? மூன்றாவது, செலவு யார் தலையில் விழுகிறது: ஹமில்டன் உருக்குத் தொழிலாளி தலையிலா, சஸ்காச்சுவான் விவசாயி தலையிலா, கடையில் சாமான் வாங்கும் எல்லோர் தலையிலுமா? நான்காவது, மாகாணங்கள் ஒன்றாக நிற்குமா? ஐந்தாவது, அடுத்த மோதலுக்குக் கையில் ஏதாவது மிஞ்சுமா?

பலத்தின் அளவையும் மறக்கக் கூடாது. கனடா ஏற்றுமதி செய்யும் பொருட்களில் நான்கில் மூன்று பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. அமெரிக்க ஏற்றுமதியில் நமது பங்கு ஏறத்தாழ ஆறில் ஒன்று. அவர்களுடைய பொருளாதாரம் நம்முடையதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரியது. மறுபுறம், அமெரிக்கா இறக்குமதி செய்யும் மசகு எண்ணெயில் ஏறத்தாழ 60 வீதம் கனடாவிலிருந்து போகிறது. அங்குள்ள வயல்களுக்குப் போகும் பொட்டாஷ் உரத்தின் பெரும்பகுதி சஸ்காச்சுவானில் தோண்டி எடுக்கப்படுவது. நாம் சின்னவர்கள்தான், ஆனாலும் வெறுங்கையோடு நிற்கவில்லை.

## வழி 1: நேரில் போய், கேட்டதைக் கொடுப்பது

2024 நவம்பர் 25ஆம் திகதி, பதவியேற்பதற்கு முன்பே, ட்ரம்ப் 25 வீத வரி பற்றிய மிரட்டலைச் சமூக வலைத்தளத்தில் போட்டார். நான்கு நாளில் அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ புளோரிடாவுக்குப் பறந்து ட்ரம்பின் மார்-அ-லாகோ மாளிகையில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். அந்த மேசையில்தான் "51ஆவது மாநிலம்" என்ற பேச்சு தொடங்கியது. அடுத்த மாதம் 1.3 பில்லியன் டொலர் செலவில் எல்லைப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. ஆளில்லா விமானங்கள், கண்காணிப்பு ஹெலிகொப்டர்கள், பெப்ரவரியில் ஃபென்டனிலைக் கட்டுப்படுத்தவென்றே ஒரு தனி அதிகாரி.

கிடைத்தது என்ன? பெப்ரவரி 3ஆம் திகதி முப்பது நாள் அவகாசம். மார்ச் 4இல் வரி வந்தே விட்டது.

ஏன் பலிக்கவில்லை என்பதற்குப் பதில் எண்களிலேயே இருக்கிறது. 2024 நிதியாண்டில் அமெரிக்க அதிகாரிகள் தமது வடக்கு எல்லையில் பிடித்த ஃபென்டனில் 43 இறாத்தல். தெற்கு எல்லையில் 21,000 இறாத்தலுக்கும் மேல். அதாவது சொன்ன காரணம் உண்மைக் காரணமாக இருக்கவில்லை. சொன்ன காரணத்தை எவ்வளவு நேர்மையாகத் தீர்த்து வைத்தாலும், உண்மைக் காரணம் வேறாக இருந்தால் கோரிக்கை முடிவதில்லை.

டிஜிட்டல் சேவை வரியிலும் இதே கதை. பெரிய இணைய நிறுவனங்கள் கனடாவில் ஈட்டும் வருமானத்தில் 3 வீதம் என்று சட்டமாக இருந்த வரி அது. ஐந்தாண்டில் 7.2 பில்லியன் டொலர் வரும் என்று நாடாளுமன்ற வரவுசெலவு அதிகாரி கணித்திருந்தார். 2025 ஜூன் 27ஆம் திகதி ட்ரம்ப் அதைச் சொல்லிப் பேச்சை முறித்தார். முதல் தவணை வசூலாவதற்கு முந்தைய இரவு, ஜூன் 29ஆம் திகதி, கார்னி அரசு வரியைக் கைவிட்டது. பதிலுக்கு மேசைக்கு மீண்டும் அழைப்பு கிடைத்தது. ஓகஸ்ட் 1ஆம் திகதி 35 வீதமும் கிடைத்தது. வரியைக் கைவிட்டதையே நான் குறை சொல்லவில்லை. அதை விற்கலாம். ஆனால் பேச்சு தொடர்வதற்கான வெறும் நுழைவுச் சீட்டாக அதைக் கொடுத்தது தவறு. உருக்கு வரி குறைப்பு என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் அது வியாபாரம் ஆகியிருக்கும்.

இந்த வழியின் மறைந்த செலவு ஒன்று நம் ஆட்களுக்கு நேரடியாக வலிக்கக்கூடியது. எல்லைப் பாதுகாப்பு இப்போது இலங்கையில் பிறந்த ஹரி ஆனந்தசங்கரி பொறுப்பேற்றுள்ள பொதுப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருகிறது. 2025 ஜூனில் அவர் கொண்டுவந்த சி-2 சட்டமூலத்தில், நாட்டுக்குள் வந்து ஓராண்டு கடந்தபின் அகதிக் கோரிக்கை வைப்பவரின் மனு அகதிச் சபைக்கே போகாது என்றொரு விதி இருந்தது. பின்னர் அது சி-12 எனும் தனிச் சட்டமூலத்துக்கு மாறியது. வொஷிங்டனைத் திருப்திப்படுத்தத் தொடங்கிய எல்லைப் பேச்சு, அந்தச் சண்டையோடு எந்தத் தொடர்பும் இல்லாத மனிதர்களின் உரிமையில் போய் முடிகிறது. அகதிகளாக வந்து வேரூன்றிய சமூகம் ஒன்று இதைச் சும்மா கடந்து போகக் கூடாது.

அல்பேர்ட்டா முதல்வர் டானியல் ஸ்மித்தின் வாதத்தையும் கேட்க வேண்டும். அவரும் 2025 ஜனவரியில் மார்-அ-லாகோ போனவர். அமைதியாகப் பேசியதால்தான் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் 25 வீதம் வராமல் 10 வீதத்தோடு நின்றது என்பது அவர் தரப்பின் கணக்கு. பேச்சு உதவியிருக்கலாம். ஆனால் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களிலுள்ள சுத்திகரிப்பு ஆலைகள் அல்பேர்ட்டாவின் கனமான எண்ணெய்க்கென்றே அமைக்கப்பட்டவை. அங்கே பெற்றோல் விலை ஏறுவதை எந்த ஜனாதிபதி விரும்புவார்? பேசியவரின் பணிவைவிட, பேசப்பட்ட பொருளின் அவசியமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வழி பொருந்தும் இடங்கள் உண்டு. எப்படியும் செய்ய வேண்டியிருந்ததைக் கோரிக்கையாகக் கேட்டால் செய்துவிடலாம். நேரம் வாங்க வேண்டியிருந்தால், அந்த நேரத்தில் செய்வதற்கு வேறு திட்டம் கையில் இருந்தால், அதுவும் சரி. 2025 மே 6ஆம் திகதி வெள்ளை மாளிகையில் கார்னி உட்கார்ந்திருந்த விதத்தைப் பாருங்கள். கமெராக்களுக்கு முன் ட்ரம்ப் கனடாவை அமெரிக்காவோடு இணைப்பதைப் பற்றிப் பேச, கார்னி குரலை உயர்த்தாமல், சில இடங்கள் விற்பனைக்கு வருவதில்லை, கனடாவும் வராது என்றார். ட்ரம்ப், "ஒருபோதும் இல்லை என்று சொல்லாதீர்கள்" என்றதோடு அது நின்றது. மரியாதையாகப் பேசுவதும் விட்டுக்கொடுப்பதும் ஒன்றல்ல. அந்த அறையில் கார்னி முதலாவதைச் செய்தார், இரண்டாவதைச் செய்யவில்லை. ஜூன் 29இல் இரண்டும் கலந்துவிட்டன.

## வழி 2: பதிலுக்கு வரி போடுவது

பதிலடி நன்றாக வேலை செய்த காலம் ஒன்று இருந்தது. அதை விரிவாகப் பார்த்தால்தான் பின்னர் ஏன் அது தடுமாறியது என்று புரியும்.

2018 ஜூன் 1ஆம் திகதி அமெரிக்கா நமது உருக்குக்கு 25 வீதமும் அலுமினியத்துக்கு 10 வீதமும் போட்டது. கனடா தினமான ஜூலை 1ஆம் திகதி ஒட்டாவா 16.6 பில்லியன் டொலர் பெறுமதியான அமெரிக்கப் பொருட்கள் மீது வரி போட்டது. உருக்கும் அலுமினியமும் போக, மிகுதிப் பட்டியல் பலசரக்குக் கடைச் சிட்டை போலவே இருக்கும். தக்காளி கெச்சப், யோகட், தோடம்பழச் சாறு, விஸ்கி, கழிவறைத் தாள், சீட்டுக் கட்டு, புல்வெட்டும் இயந்திரம், படுக்கைப் பை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மாநிலம் இருந்தது. விஸ்கி என்றால் கென்டக்கி, செனட் பெரும்பான்மைத் தலைவர் மிச் மக்கோனலின் மாநிலம். தோடம்பழச் சாறு என்றால் புளோரிடா. கெச்சப்புக்கு மாற்று நம் கையிலேயே இருந்தது, ஏனென்றால் ஒன்ராறியோவின் லெமிங்டனில் விளையும் தக்காளியிலிருந்து கெச்சப் தயாராகிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வலிக்கும், நமக்கு மாற்று உண்டு என்ற பொருட்களாகப் பார்த்துப் பொறுக்கிய பட்டியல் அது.

ஓராண்டு நெருங்கும்போது, 2019 மே மாதம், இரு தரப்பும் வரிகளை விலக்கின. 2020 ஓகஸ்டில் ட்ரம்ப் மீண்டும் அலுமினியத்துக்கு வரி போட்டார். 3.6 பில்லியன் டொலர் பட்டியல் தயார் என்று ஒட்டாவா அறிவித்தது. செப்டம்பர் 15ஆம் திகதி, அந்தப் பட்டியல் வெளியாவதற்குச் சில மணி நேரத்துக்கு முன் அமெரிக்கா பின்வாங்கியது.

அன்று ஏன் பலித்தது? புதிய ஒப்பந்தத்துக்குக் காங்கிரஸின் ஒப்புதல் தேவைப்பட்டது. உருக்கு வரி இருக்கும்வரை ஒப்பந்தம் நகராது என்று ட்ரம்பின் கட்சியைச் சேர்ந்த செனட்டர் சக் கிராஸ்லியே சொன்னார். அதே வேளையில் மெக்சிகோவும் ஐரோப்பிய ஒன்றியமும் பதில் வரி போட்டிருந்தன. நாம் தனியாக நிற்கவில்லை, எதிர்த்தரப்புக்கு ஒரு கெடுவும் இருந்தது.

2025இல் இவை எதுவும் இல்லை. முதலில் 30 பில்லியன், பிறகு உருக்கு, அலுமினிய வரிக்கு எதிராக 29.8 பில்லியன், ஏப்ரலில் கார்கள் என்று கனடா பதில் வரி போட்டது. ஐரோப்பா பட்டியல் தயாரித்துவிட்டு ஒத்திவைத்தது. உடனடியாகக் கணிசமாகத் திருப்பி அடித்தது நாமும் சீனாவும்தான். பதிலடி கொடுத்ததால்தான் மார்ச் 6 விலக்கு கிடைத்தது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஒரு டொலர் கூடப் பதில் வரி போடாத மெக்சிகோவுக்கும் அதே நாள் அதே விலக்கு கிடைத்தது. ஓகஸ்டில் நமக்கு 35 வீதமாக உயர்த்திய ஆணை, கனடாவின் பதிலடியைக் காரணங்களில் ஒன்றாகவே எழுதியது.

ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்டின் மின்சாரக் கதை இன்னும் தெளிவானது. 2025 மார்ச் 10ஆம் திகதி, மிச்சிகன், மினசோட்டா, நியூயோர்க் மாநிலங்களுக்குப் போகும் மின்சாரத்துக்கு 25 வீத மேலதிகக் கட்டணம் அறிவித்தார். 15 இலட்சம் வீடுகளையும் நிறுவனங்களையும் அது தொடும். மறுநாள் காலை ட்ரம்ப், கனடாவின் உருக்குக்கும் அலுமினியத்துக்கும் வரியை 50 வீதமாக்குவேன் என்றார். அன்று பிற்பகல் அமெரிக்க வர்த்தகச் செயலாளருடன் பேசிவிட்டு ஃபோர்ட் கட்டணத்தை நிறுத்தி வைத்தார், ட்ரம்பும் 50 வீதத்தை விட்டார். அடி பட்டது என்பதற்கு அவ்வளவு வேகமான எதிர்வினையே சாட்சி. ஆனால் எதிரடி விழவிருந்த இடம் ஹமில்டன், சூ செயின்ட் மரி. இரண்டும் ஒன்ராறியோவின் உருக்கு நகரங்கள். (ஜூன் மாதம் 50 வீதம் எப்படியும் வந்துவிட்டது, ஏறத்தாழ எல்லா நாடுகளுக்கும் சேர்த்து.)

"எண்ணெயை நிறுத்தினால் என்ன?" என்று கேட்பவர்கள் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அல்பேர்ட்டா எண்ணெய் ஒன்ராறியோவின் சார்னியாவுக்கு வருவது லைன் 5 எனும் குழாய் வழியாக. அது ஓடுவது விஸ்கொன்சின், மிச்சிகன் மண்ணில். அல்பேர்ட்டா இதற்குச் சம்மதிக்கப் போவதும் இல்லை. 2025 ஜனவரி 15ஆம் திகதி முதல்வர்கள் கூடி வெளியிட்ட கூட்டறிக்கையில் ஸ்மித் கையெழுத்திட மறுத்தது இந்த விடயத்தில்தான். பாவித்த உடனே நாட்டைப் பிளக்கும் ஆயுதத்தை ஆயுதம் என்று சொல்ல முடியுமா?

பதிலடியில் மலிவான வகை ஒன்றும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்ராறியோவின் அரச மதுக்கடைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பில்லியன் டொலருக்கு அமெரிக்க மது விற்றவை. மார்ச் 4ஆம் திகதி அந்தப் போத்தல்கள் தட்டிலிருந்து இறங்கின. குடிப்பவர் நயாகரா வைனுக்கோ கனடிய விஸ்கிக்கோ மாறிக்கொண்டார். கென்டக்கியிலுள்ள பெரிய விஸ்கி நிறுவனம் ஒன்றின் தலைவர், இது வரியைவிட மோசம் என்று முறையிட்டார். மக்கள் தாமாகவே அமெரிக்கப் பயணத்தைக் குறைத்ததும் இதே வகை. 2025 வசந்த காலத்தில் காரில் போய்வந்த கனடியர் தொகை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. இதற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை. நம் பக்கச் செலவு மிகக் குறைவு. ஒரு பதிலடியின் தரத்தை அதன் சத்தத்தை வைத்து அளக்காமல் இந்த விகிதத்தை வைத்தே அளக்க வேண்டும்.

மறைந்த செலவு தெரிந்ததுதான்: பதில் வரியை முதலில் கட்டுவது கனடிய இறக்குமதியாளர், அது விலையில் வந்து சேரும். கனடியத் தொழிற்சாலைக்கே அமெரிக்க மூலப்பொருள் தேவைப்பட்டதால், போட்ட வரியிலிருந்து அரசே விலக்குகளும் அளிக்க வேண்டியிருந்தது.

ஆகவே செப்டம்பர் 1இல் கார்னி செய்ததைப் பணிவு என்று நான் சொல்ல மாட்டேன். உருக்கு, அலுமினியம், கார் மீதான பதில் வரிகளை வைத்துக்கொண்டார். நம் மக்களே கட்டிக்கொண்டிருந்த, எதிர்த்தரப்பை அசைக்காத வரிகளை எடுத்தார். குறை எங்கே என்றால், அதற்கும் எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை.

## வழி 3: ஜனாதிபதியைச் சுற்றி மற்றவர்களைப் பிடிப்பது

ஆளுநர்கள், செனட்டர்கள், தொழில் சங்கங்கள், நீதிமன்றங்கள். 2017, 2018இல் ட்ரூடோ அரசு அமைச்சர்களையும் மாகாண முதல்வர்களையும் எதிர்க்கட்சியைச் சேர்ந்த முன்னாள் பிரதமர் பிரையன் மல்ரோனியையும் கூட அமெரிக்கா முழுக்க அனுப்பி, உங்கள் மாநிலத்தில் இத்தனை வேலைகள் எங்களை நம்பியிருக்கின்றன என்று ஊர் ஊராகச் சொல்ல வைத்தது. கண்ணுக்குத் தெரியாத, சலிப்பான, ஆனால் பலன் தந்த வேலை.

2025 ஏப்ரல் 2ஆம் திகதி, கனடா மீதான வரிக்கு அடிப்படையான அவசர நிலையை முடிக்கும் தீர்மானம் செனட்டில் 51க்கு 48 என்று நிறைவேறியது. ட்ரம்பின் கட்சியிலிருந்து நான்கு பேர் ஆதரித்தார்கள், அதில் கென்டக்கியின் இரு செனட்டர்களும் அடக்கம். அது சட்டமாகவில்லை. ஆனால் விஸ்கிப் போத்தல்கள் இறங்கியதையும் இந்த வாக்குகளையும் சேர்த்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரியது நீதிமன்றத்தில் நடந்தது. 2026 பெப்ரவரி 20ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவசரகாலச் சட்டத்தின் கீழ் வரி விதிக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்லை என்று 6க்கு 3 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நம் மீதிருந்த 35 வீதத்தின் சட்ட அடித்தளம் அதோடு விழுந்தது. வழக்குப் போட்டவர்கள் இலினோயில் கல்விப் பொம்மை விற்கும் நிறுவனமும் நியூயோர்க்கில் வைன் இறக்குமதி செய்யும் நிறுவனமும் போன்ற சிறிய அமெரிக்க வியாபாரிகள். கெஞ்சியும் போகாத, மிரட்டியும் போகாத வரி, அமெரிக்கரின் பணப்பையே நீதிமன்றம் போனபோது போனது. உருக்கு, அலுமினியம், கார், மரம் மீதான வரிகள் வேறு சட்டத்தின் கீழ் போடப்பட்டவை, அவை இதில் அசையவில்லை.

இந்த வழிக்கும் ஆபத்து உண்டு. 2025 ஒக்டோபரில் ஒன்ராறியோ அரசு 75 மில்லியன் டொலர் செலவில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் விளம்பரம் போட்டது. வரிகளின் தீமை பற்றி 1987இல் ரொனால்ட் ரேகன் ஆற்றிய வானொலி உரையே அதன் குரல். கருத்து ரேகனுடையதுதான், ஆனால் வாக்கியங்களின் வரிசை மாற்றித் தொகுக்கப்பட்டிருந்தது. ட்ரம்ப் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சை முறித்தார். உருக்கு, அலுமினியம், எரிசக்தி பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. கார்னி தென்கொரியாவில் ட்ரம்பிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. மத்திய அரசு மேசையில் இருக்கும்போது மாகாணம் ஒன்று தனியாக மேடை ஏறினால் விலை இப்படித்தான் வரும்.

ஜனாதிபதியின் தலைக்கு மேலால் அமெரிக்க மக்களிடம் பேசுவது பழைய சங்கடம். 1965 ஏப்ரலில் பிரதமர் லெஸ்டர் பியர்சன் பிலடெல்பியாவில், வியட்நாம் குண்டுவீச்சைச் சற்று நிறுத்துங்கள் என்று பேசினார். மறுநாள் ஜனாதிபதி லின்டன் ஜோன்சன் அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கியதாகவே வரலாறு சொல்கிறது. ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் இருவரும் கையெழுத்திட்ட கார் ஒப்பந்தம் பிழைத்தது, ஒன்ராறியோவின் கார்த் தொழிலைப் பல பத்தாண்டுகள் தாங்கியது. ஜனாதிபதியின் கோபத்தைத் தாண்டியும் எழுத்து நின்றது.

## வழி 4: வேறு சந்தை தேடுவது

2026 ஜனவரி 20ஆம் திகதி டாவோஸில் கார்னி, பழைய உலக ஒழுங்கு மாறிக்கொண்டிருக்கவில்லை, முறிந்துவிட்டது என்றும், நடுத்தர நாடுகள் மேசையில் இல்லாவிட்டால் பரிமாறப்படும் பட்டியலில் இருக்கும் என்றும் பேசியதைக் கேட்டுப் பலர் பெருமைப்பட்டார்கள். நானும்தான். ஆனால் இதே முடிவைக் கனடா ஒருமுறை எடுத்திருக்கிறது. 1971இல் நிக்சன் எல்லா இறக்குமதிக்கும் 10 வீத மேல்வரி போட்டு, கனடாவுக்கும் விலக்குத் தரவில்லை. அடுத்த ஆண்டு வெளிவிவகார அமைச்சர் மிச்சல் ஷார்ப், அமெரிக்காவில் தங்கியிருப்பதைக் குறைக்கும் "மூன்றாவது தெரிவு" என்ற கொள்கையை முன்வைத்தார். நடந்தது நேர்மாறு. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் நமது ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு 85 வீதத்தைத் தாண்டியது.

அன்று பேச்சு இருந்தது, குழாயும் துறைமுகமும் இல்லை. 2024 மே மாதம் திறந்த ட்ரான்ஸ் மவுன்டன் எண்ணெய்க் குழாய் விரிவாக்கத்தைப் பாருங்கள். 34 பில்லியன் டொலர் விழுங்கியது, எல்லாத் தரப்பும் திட்டியது. ஆனால் நாளொன்றுக்கு 890,000 பீப்பாய் எண்ணெயைப் பசுபிக் கரைக்குக் கொண்டுபோகும் வசதி இன்று பேச்சுவார்த்தை மேசையில் கனடாவின் கையிலுள்ள உண்மையான சீட்டு. பசுபிக் கரையிலுள்ள கிட்டிமட்டிலிருந்து 2025 கோடையில் ஆசியாவுக்குப் புறப்பட்ட முதல் திரவ எரிவாயுக் கப்பலும் அப்படியே. அமெரிக்கா அல்லாத நாடுகளுக்கான ஏற்றுமதியைப் பத்தாண்டில் இரட்டிப்பாக்குவது கார்னியின் இலக்கு. பத்தாண்டு என்பதைக் கவனியுங்கள்.

மறைந்த செலவு சீனாவோடு வருகிறது. 2024இல் நாம் அமெரிக்காவோடு ஒத்துப்போய்ச் சீன மின்சாரக் கார்களுக்கு 100 வீத வரி போட்டோம். சீனா திருப்பி அடித்தது சஸ்காச்சுவானின் எண்ணெய் வித்தான கனோலாவை. 2026 ஜனவரியில் கார்னி பீஜிங் போய், ஆண்டுக்கு 49,000 சீன மின்சாரக் கார்களை 6.1 வீத வரியில் அனுமதிக்க ஒப்புக்கொண்டு, கனோலா வரியைக் குறைக்க வைத்தார். விவசாயி மூச்சு விட்டார், கார்த் தொழிலாளி மூச்சைப் பிடித்தார், ஃபோர்ட் கடுமையாக எதிர்த்தார். சில நாளில் ட்ரம்ப், சீனாவோடு ஒப்பந்தம் செய்தால் 100 வீதம் என்று மிரட்டினார். குஸ்மாவின் 32.10 பிரிவு, சந்தைப் பொருளாதாரம் அல்லாத நாட்டோடு சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் செய்தால் மற்றவர்கள் விலகலாம் என்கிறது. கார்னி செய்தது அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | எழுத்தில் கிடைத்தது | செலவு யாருக்கு | மாகாண ஒற்றுமை | எப்போது பொருத்தம் |
|---|---|---|---|---|
| கேட்டதைக் கொடுப்பது | 2025இல் ஒன்றுமில்லை | வரி வருமானம், அகதிகள் | குலையாது | எப்படியும் செய்ய வேண்டியதைக் கேட்டால்; நேரம் வாங்க |
| பதில் வரி | 2019இல் வரி நீக்கம். 2025இல் இல்லை | இறக்குமதியாளர், நுகர்வோர் | எண்ணெயைத் தொட்டால் உடையும் | கூட்டாளிகளும் கெடுவும் இருந்தால் |
| மற்றவர்களைப் பிடிப்பது | செனட் வாக்கு, நீதிமன்றத் தீர்ப்பு | குறைவு. பொறுமை வேண்டும் | ஒரே குரல் இல்லாவிட்டால் கெடும் | எப்போதும், சத்தமில்லாமல் |
| வேறு சந்தை | சீனாவோடு கனோலா, ஐரோப்பாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் | ஆண்டுகள், பில்லியன்கள். கார்த் தொழில் | குழாய்ப் பாதையில் உரசல் | இன்றே தொடங்கினால் பத்தாண்டில் |

## என் தெரிவு

மூன்றாவது வழியும் நான்காவதும் இடைவிடாமல் நடக்க வேண்டியவை. முதலிரண்டு தருணம் பார்த்துக் கையில் எடுக்க வேண்டியவை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நம் கழுத்தை நெரிப்பது துறைவாரி வரிகள்தான். அங்கே உருக்குக்கு உருக்கு, காருக்குக் கார் என்ற பதில் வரிகளைப் பேரம் முடியும்வரை விடக் கூடாது. மதுத் தட்டுகள் வெறுமையாக இருக்கட்டும். எரிசக்தியைத் தொட வேண்டாம்.

இதில் எதுவும் கார் நிறுவனமான ஸ்டெலான்டிஸின் பிரம்டன் தொழிலாளிக்கு இந்த ஆண்டு வேலை தராது. 2025 ஒக்டோபரில் அங்கே வரவிருந்த ஜீப் தயாரிப்பை இலினோய்க்கு மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது. மூவாயிரம் பேரளவில் அந்த ஆலையை நம்பியிருந்தார்கள். எந்த வழியைத் தெரிந்தாலும் அந்தத் தெரிவின் விலையை அவர்கள் மட்டும் சுமக்க விடக் கூடாது. வேலைக் காப்புறுதியும் மறுபயிற்சியும் வர்த்தகக் கொள்கையின் பகுதியாகவே எழுதப்பட வேண்டும்.

அடுத்த பெரிய சோதனை குஸ்மாவின் கூட்டு மீளாய்வு. ஆறாவது ஆண்டில், அதாவது 2026 ஜூலை 1இல் என்று அதன் 34.7 பிரிவு சொல்கிறது. மூன்று நாடுகளும் சம்மதித்தால் ஒப்பந்தம் இன்னும் 16 ஆண்டுக்கு நீளும். பால் பண்ணைப் பாதுகாப்பை அமெரிக்கா கேட்கும். அதை விட்டுக்கொடுக்க முடியாதபடி நமது நாடாளுமன்றம் 2025 ஜூனில் சி-202 மூலம் சட்டம் போட்டுக் கைகளைக் கட்டிவைத்திருக்கிறது. ஆகவே கெடு வருகிறது என்ற பதற்றத்தில் வேறெதையாவது முன்கூட்டியே தூக்கிக் கொடுக்கும் ஆசை வரும்.

அந்தப் பதற்றத்துக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. நீட்டிப்புக் கையெழுத்தாகாவிட்டாலும் குஸ்மா அன்றே சாகாது. ஆண்டுதோறும் மீளாய்வு நடக்கும், 2036 வரை அது உயிரோடு இருக்கும். எந்த நாடும் விலக ஆறு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் பேரம் என்றால் முதலீட்டாளர் தயங்குவார், பிரம்டனுக்கு அதுவும் நட்டமே. ஆயினும் டிஜிட்டல் வரியைப் போல வெறுங்கையோடு இன்னொன்றைக் கொடுத்து வாங்கும் நீட்டிப்பைவிட, விலக்கை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் பேசுவதையே நான் தெரிவேன். உருக்குக்கும் காருக்கும் எத்தனை வீதம், எந்தத் திகதியிலிருந்து என்று எழுதித் தந்தால் அன்றே கையெழுத்திடலாம்.